நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி எப்படி இருக்கும்? அதை எப்படிச் சமாளித்தீர்கள்?

அண்ணனுக்கு அடுத்த மாதம் இரண்டு நுரையீரல்களையும் மாற்றப் போவதாகவும், வலியை எண்ணியே அவர் தூங்காமல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நார்த்திசு நோயால் ஆக்சிஜன் சிலிண்டரோடு இரண்டு வருடம் கழித்த பின், சென்னையில் எனக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது மூன்றாவது ஆண்டு. நான் பள்ளி ஆசிரியை, மருத்துவர் அல்ல. எனவே மருந்தின் அளவுகளை அவருடைய மருத்துவக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நுரையீரல்களையும் மாற்றும்போது பெரும்பாலும் மார்பகங்களுக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கீறி, நெஞ்செலும்பைக் குறுக்கே வெட்டி, விலா எலும்புகளை விரித்துத்தான் உள்ளே போகிறார்கள். விலா எலும்புகளை ஒட்டி ஓடும் நரம்புகள் அப்போது இழுபட்டு நசுங்குவதால், எலும்பு கூடிய பிறகும் ஒருவகை வலி மிஞ்சுகிறது. ஆனால் முதல் வாரத்தில் எனக்குக் கீறலைவிட அதிகம் வலித்தவை, நெஞ்சிலிருந்து நீரையும் காற்றையும் வடிப்பதற்குப் பக்கத்துக்கு இரண்டாக வைத்திருந்த ட்யூப்கள்தான். லேசாகப் புரண்டாலே விலாவுக்குள் ஆணி இறங்குவது போலிருக்கும். கடைசி ட்யூபை எடுத்த அன்று மாலையே வலி பாதியாகிவிட்டது.

முதுகில் தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல் இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும். எனினும் உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரத்துக்காக, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து கொடுத்திருந்தால், முதுகில் குழாய் வைத்த இடத்தில் இரத்தம் கசிந்து கட்டிவிடலாம் என்பதால் தள்ளிப்போடுவார்கள், அல்லது விலா நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போடுவார்கள். எனக்கு எபிடியூரல் வைக்காமல், ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தைச் செலுத்தும் பம்ப் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வலிக்கும்போது பொத்தானை அழுத்தினால் அளவான மருந்து இரத்தக் குழாய் வழியே இறங்கும். குறித்த நிமிடங்கள் கழியும் முன் மறுபடி அழுத்தினால் இறங்காது. பொத்தானை நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். தூங்குகிறவருக்காக உடனிருப்பவர் இரக்கப்பட்டு அழுத்தினால் மயக்கம் கூடி மூச்சு மெலிந்துவிடும்.

நான் செய்த தவறு வேறு: பொத்தானை அழுத்தவே இல்லை. பழக்கமாகிவிடுமோ என்ற பயம் ஒருபுறம், பொறுத்துக்கொள்வதே பெருமை என்று வளர்ந்த புத்தி மறுபுறம். வலி பத்துக்கு எத்தனை என்று சிஸ்டர் கேட்கும்போதெல்லாம் மூன்று என்பேன், உண்மையில் ஏழு. என் பொய்யைக் கண்டுபிடித்தவர் பிசியோதெரபிஸ்ட். இருமச் சொன்னால் தொண்டையை மட்டும் செருமிக்கொண்டிருந்தேன். பொருத்திய நுரையீரலுக்குப் பழைய நரம்புத் தொடர்பு கிடையாது. உள்ளே மூச்சுக்குழாயை இணைத்த தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் தானாக வராது, நாமாக நினைத்து இரும வேண்டும். வலிக்குப் பயந்து நான் இருமாததால் ஆறாம் நாள் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி சளியடைத்துச் சுருங்கிப்போக, மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை விடும் பிராங்கோஸ்கோப்பி செய்துதான் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். "டீச்சர், வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு இங்கே மார்க் கிடையாது" என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வருவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிடுவேன். அம்மா ஒரு துண்டைச் சுருட்டி, பழைய பருத்திப் புடவையில் உறை தைத்துக் கொடுத்த சிறு தலையணையைத் தையல்மேல் இறுக அணைத்துக்கொண்டு இருமினேன். எலும்பு பிளந்துவிடும் என்ற அச்சம் அந்த அணைப்பில்தான் குறைந்தது. 600, 900, 1200 என்று எழுதிய, மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்தும் மூன்று பந்துக் கருவியில், அதுவரை முதல் பந்தோடு நின்ற என் மூச்சு மறுநாளே இரண்டாவதையும் தூக்கியது. ஃபென்டனில் வகை மருந்துகளால் மலம் இறுகும். முக்கினால் நெஞ்செலும்பில்தான் தெறிக்கும். ஆகையால் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் அதிகம் தேவைப்பட்டது. ஐந்தாம் வாரம் முதுகு பிடித்துக்கொண்டபோது, மாமா கடையில் கேட்டு ஓர் அட்டை மாத்திரை வாங்கி வந்தார். பாராசிட்டமால் என்ற பெயரைப் பார்த்துத் தண்ணீரும் எடுத்துவிட்டேன். பக்கத்தில் அசிக்ளோஃபெனாக் என்றிருந்தது. படம் எடுத்து மருத்துவமனையின் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பியதும் உடனே தொலைபேசியில் அழைத்துத் தடுத்தார். புது நுரையீரலை உடல் நிராகரிக்காமலிருக்க நாங்கள் தினமும் விழுங்கும் டாக்ரோலிமஸே சிறுநீரகத்துக்குச் சுமை. அதன்மேல் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்றவை சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகக்கூடும். தனிப் பாராசிட்டமால்தான் எங்களுக்குப் பெரும்பாலும் உதவுவது. அதையும் காய்ச்சல் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் தொற்றின் முதல் அறிகுறியை அது மறைத்துவிடும்.

சொந்தக்காரர்கள் அன்போடு கொண்டுவரும் கஷாயத்தையும் லேகியத்தையும் தொடாதீர்கள். பம்ளிமாஸ் பழம்கூட இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டிவிடும். வெந்நீர் ஒத்தடமும் தையலைச் சுற்றி வேண்டாம். அங்கே தோல் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. எனக்கு ஒரு கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் மாதம் வலியின் குணம் மாறியது. குத்தல் போய், மிளகாய் அரைத்த கைபோல எரிச்சல். உள்ளாடையின் விளிம்பு பட்டாலே தாங்காது. அது நரம்பு வலி, பாராசிட்டமாலுக்குக் கேட்காது. சிறுநீரகச் சோதனை முடிவைப் பார்த்து அளவு குறித்துப் பிரிகாபலின் கொடுத்தார்கள். எட்டாம் மாதம் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்கள். பம்பும் வலுவான மாத்திரைகளும் மூன்றாம் வாரத்தோடு முடிந்திருந்தன. இன்றும் இடது மார்பின் கீழே ஒரு கையகலம் மரத்துத்தான் இருக்கிறது.

குறைந்துவந்த வலி திடீரென ஏறினாலோ, நெஞ்செலும்பு 'டக்' என்று அசைந்தாலோ, வலியோடு காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தாலோ மாத்திரையைத் தேட வேண்டாம், நேரத்தைப் பார்க்காமல் மருத்துவமனையை அழையுங்கள். அந்த எண்ணை இப்போதே அண்ணனின் கைப்பேசியிலும் உங்களுடையதிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.