பேஸ் கிற்றாரும் சனிக்கிழமை இரவுகளும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் யாழ்ப்பாணத்தில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது இருபத்தாறு. உயர்தரம் படித்த காலத்தில் நண்பன் ஒருவனிடம் கிற்றார் பழகி, பின்னர் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றாருக்கு மாறினேன். இப்போது ஐந்து பேர் கொண்ட இசைக்குழு ஒன்றில் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்புகளுக்குப் போகிறோம். மற்றப்படி வெள்ளி, சனி இரவுகளில் நகரிலுள்ள ஹோட்டல் ஒன்றின் பாரில் வாசிக்கிறோம்.

என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், நாதஸ்வரக் கச்சேரி என்றால் எத்தனை மைல் தூரமானாலும் போகிறவர். "முறையாகச் சங்கீதம் படித்திருந்தால் சபையில் இருந்திருப்பாய், இப்போது குடிக்கிற இடத்தில் நின்று கம்பி தட்டுகிறாய்" என்று அண்மையில் சொன்னார். அதே கிழமையில் எங்கள் குழுத்தலைவர், கீபோர்ட்காரரின் இடது கையே பேஸையும் வாசித்துவிடும் என்றும், ஊதியத்தில் ஒரு பங்கு மிச்சம் என்றும் மற்றவர்களிடம் பேசியிருக்கிறார். பாடகரைப் பாராட்டுகிறார்கள், லீட் கிற்றாரைப் படம் எடுக்கிறார்கள். நான் வாசிப்பது எவருக்கும் கேட்பதாகவே தெரியவில்லை. நிறுத்திவிடுவதா, அல்லது வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய் முழுநேரமாக வாசிப்பதா என்று குழம்பியிருக்கிறேன். நீங்கள் முன்பு கொழும்பில் பேஸ் வாசித்தவர் என்று அறிந்ததால் எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்களை அதிகம் வருத்துவது அப்பாவின் சொல்தான் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனாலும் நான் உங்கள் குழுத்தலைவரின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பேஸ் வாசிப்பவர் ஒரு குழுவில் எதற்காக நிற்கிறார் என்பது தெளிவானால் அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கீபோர்டின் இடது கையால் பேஸ் சுரங்களை ஒலிக்கச் செய்யலாம் என்பது உண்மை. இன்றைய கருவிகளில் விரல்களை வைத்தாலே போதும், தாளமும் பேஸும் தாமாக ஓடும். ஆனால் நீங்கள் வாசிக்கும் இடங்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த ஒருவர், தம் இளமைக்காலப் பாட்டொன்றைப் பாட ஆசைப்பட்டு மைக்கை வாங்குகிறார். குழு ஒத்திகை பார்த்த சுருதியில் அல்லாமல் தம் குரலுக்கு வசதியான சுருதியில் பல்லவியைத் தொடங்கிவிடுகிறார். சரணத்துக்கு முன்னுள்ள இடையிசை முடியும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே அடுத்த வரியை எடுத்துவிடுகிறார். அந்தக் கணத்தில் தானாக ஓடும் தாளத்துக்கு அவர் இருப்பதே தெரியாது. ட்ரம்ஸ்காரர் பாடகரைப் பார்க்கிறார், கிற்றார்காரர் கீபோர்ட்காரரைப் பார்க்கிறார். பேஸ் வாசிப்பவர் அந்தக் குரலின் ஆதாரத்தைப் பிடித்து, அவர் எடுத்த வரியின் முதல் அடியில் அந்த ஒற்றைச் சுரத்தை அழுத்தமாக வைக்கிறார். அடுத்த அடிக்குள் நால்வரும் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். பாடியவர் தாம் பிசகியதை அறியாமலே கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்குகிறார். உங்கள் பங்கு இந்தக் கேள்விச் செவிக்காகத் தரப்படுகிறது, அதைச் சேமித்தால் என்ன இழப்பு என்பதைத் தலைவருக்கு வாயால் விளக்குவதைவிட ஒரு நிகழ்ச்சியில் உங்களை இல்லாமல் வாசித்துப் பார்க்கச் சொல்வதே மேல்.

அப்பா நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அவரிடம் ஒத்துக்காரரைப் பற்றிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தின் இணுவிலும் அளவெட்டியும் இசைக்கலைஞர்களால் பேர் பெற்ற ஊர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் அந்த மரபிலிருந்து எழுந்தவர்கள். அத்தகைய மேளக் குழுவில், நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்து என்ற நீண்ட குழலொன்றை வைத்து, கச்சேரி முழுவதும் ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பார். வாயில் அடக்கிய காற்றை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ளும் பயிற்சி இல்லாவிட்டால் அது முடியாது. கூட்டம் அவரைப் பார்ப்பதில்லை, ஆனால் அவர் மூச்சு தளர்ந்தால் நாதஸ்வரக்காரரின் ராகம் நிற்க நிலம் இராது. பின்னர் சுருதிப்பெட்டி வந்து அவருடைய இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். ஒரு வித்தியாசம் உண்டு: ஒத்து அசையாது நிற்கும்; பேஸ் தாளத்தோடு சேர்ந்து நடக்கவும் வேண்டும். அதனால்தான் பெட்டி ஒத்தின் இடத்தைப் பிடித்த அளவுக்கு உங்கள் இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

எவருக்கும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தலைமுறை இதை வேறு விதமாக அறிந்தது. 1990க்குப் பின் மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிச் சிறிய ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டோம். அந்த ஸ்பீக்கர்களால் கீழ்ச்சுரங்களை ஒலிக்க முடியாது. ஆகவே இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைச் சொல் தவறாமல் பாடத் தெரிந்த எங்களுக்கு, அவற்றின் அடியில் சசிதரனின் பேஸ் தனியாக இன்னொரு மெட்டையே பாடிக்கொண்டிருந்தது தெரியாது. கொழும்புக்குப் போன பின் நல்ல ஹெட்போன் ஒன்றில் அதே பாடல்களைக் கேட்டபோது, எனக்குத் தெரிந்த வீட்டுக்குள் தெரியாத அறை ஒன்று திறந்ததுபோல் இருந்தது. நான் பேஸ் கிற்றார் வாங்கியது அதனால்தான். உங்கள் பாரில் இருப்பவர்கள் பேஸை அடையாளம் கண்டு பாராட்டமாட்டார்கள். ஆனால் பைலா தொடங்கியதும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து ஆடுகிறவர்களின் கால்கள் கேட்பது உங்களைத்தான்.

பாடகருக்குக் கிடைக்கும் புகழ் உங்களுக்கும் வரும் என்று நான் சொல்லப்போவதில்லை. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் அந்த நிறுவனத்தின் இசைத்தட்டு உறை ஒன்றில் அச்சானது 1971இல்தான். அதுவரை உலகம் அவருடைய விரலைக் கேட்டது, பெயரை அறியவில்லை. அவரும் அவருடன் வாசித்தவர்களும் பகலில் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இரவில் நகரின் கிளப்புகளிலும் வாசித்தவர்கள். இரவு வாசிப்பில் தேறியதையே பகலில் பதிவு செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கருவியின் பிறப்பையும் பாருங்கள். அமெரிக்கக் கிற்றார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் தம் முதல் பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம், நடன மண்டபங்களிலும் மதுச்சாலைகளிலும் வாசித்தவர்களின் கஷ்டம். ஆளுயர டபுள் பேஸைக் காரில் ஏற்றுவது பெரும்பாடு, ஏற்றிக்கொண்டு போனாலும் ட்ரம்ஸுக்கும் மின் கிற்றாருக்கும் இடையில் அதன் ஒலி எடுபடாது. பாரில் நின்று வாசிப்பது இந்தக் கருவிக்கு இறக்கம் அன்று, அது அங்கே வேலை செய்வதற்காகவே ஆக்கப்பட்டது.

இனி உங்கள் கைவசம் உள்ள ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். நம் ஹோட்டல் பார்கள் பெரும்பாலும் மாபிள் தரையும் கண்ணாடிச் சுவரும் கொண்டவை. விரல் வைக்காமல் மீட்டும் தடித்த ஈ கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது, அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். அநேகமாக உங்கள் அறையின் நீளமும் அதற்கு அண்மையில்தான் இருக்கும். ஆகவே ஒரு மேசையில் இருப்பவருக்கு நெஞ்சு அதிரும், இரண்டு மேசை தள்ளி இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. அம்பை, அதாவது கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, இடம் மிச்சம் என்று மூலையில் வைப்பதுதான் வழக்கம். மூலை கீழ்ச்சுரங்களை இன்னும் ஊதிப் பெருப்பிக்கும். அம்பை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். பேஸ் குமிழைக் குறைத்து, மிட்டை (நடுத்தரச் சுரங்களுக்கான குமிழை) ஏற்றுங்கள். வீட்டில் தனியாகக் கேட்கும்போது அது மூக்கால் பேசுவதுபோல் இருந்தாலும், ஐந்து பேரும் சேர்ந்து வாசிக்கும்போது அந்த ஒலியே தெளிவாக நிற்கும். நிகழ்ச்சிக்கு முன் நீளமான கேபிள் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாசித்தபடியே மேசைகளுக்கிடையில் நடந்து கேளுங்கள். மேடையில் நின்று கேட்பது உங்களுக்கு மட்டும் கேட்கும் ஒலி.

அதைவிட முக்கியம் சுரத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. அத்தகைய அறையில் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குள் ஓடினால் எல்லாம் இரைச்சலாகிவிடும். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் விரலளவு துண்டொன்றை வெட்டி, பிரிட்ஜுக்கு (கம்பிகள் கிற்றாரின் உடலில் மாட்டப்பட்டிருக்கும் இடத்துக்கு) அருகே கம்பிகளின் அடியில் செருகிப் பாருங்கள். சுரம் தொடங்கும், வயிறு நிறைய ஒலிக்கும், உடனே அடங்கும். பழைய ஃபெண்டர் பேஸ்களில் இதே வேலைக்கு ஸ்பொஞ்ச் வைத்தே அனுப்பினார்கள். இப்படி வாசித்தால் ட்ரம்ஸ்காரரின் கால் மிதியும் உங்கள் விரலும் ஒன்றாக விழுகின்றனவா இல்லையா என்பது அப்பட்டமாகத் தெரியும். ஆறெட்டுத் தாளத்தில் போகும் பைலாவுக்கு ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் போதும், மிச்சமெல்லாம் அவை விழும் நேரத்தில் இருக்கிறது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. கல்யாண மண்டபங்களில் அம்புக்கு ஒரு பிளக், மிக்ஸருக்கு வேறொரு பிளக், இடையில் ஜெனரேற்றர் என்று மின்சாரம் எடுப்பார்கள். எர்த் சரியில்லாத இடத்தில், கம்பியில் கை இருக்க மைக்கில் உதடு பட்டால் ஷொக் அடிக்கும். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் வயரைக் கழற்றிவிடுகிற பழக்கம் சவுண்ட்காரர்கள் சிலரிடம் உண்டு, அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அம்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள். இரைச்சல் வந்தால், கிற்றாரின் ஒலியை மிக்ஸருக்கு அனுப்பும் டீஐ பெட்டியை, கிரவுண்ட் லிஃப்ட் (ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ளதாக இடையில் வையுங்கள்.

அப்பாவின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களை நம் ஊரில் எல்லோரும் கண்டிருக்கிறோம், அப்பா பயப்படுவது உங்கள் இசையைப் பார்த்து மட்டும் அன்று. ஆகவே அவருக்கு வாதத்தால் பதில் சொல்லாமல் நடத்தையால் சொல்லுங்கள். மேசைகளிலிருந்து குழுவுக்கு அனுப்பப்படும் கிளாஸை ஒருமுறைகூடத் தொடாதீர்கள். அதை மரியாதையாக மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஒரு தடவை வாங்கினால் அது ஊதியத்தின் பகுதியாகிவிடும். நடுச்சாமத்தில் பேஸை முதுகில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவருக்குத் தெளிந்த கண் வேண்டும். அடுத்த கல்யாண வரவேற்புக்கு அப்பாவை அழைத்துப் போய், ட்ரம்ஸுக்கு அருகில் இருத்துங்கள். ஒத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று விளங்கும்.

வேலையை விடுவது பற்றி: விடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. பௌர்ணமிப் போயா நாளில் மது விற்பனை இல்லாததால் பார் இரவும் இல்லை. திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் இரவில் ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. இப்படி வெட்டுப்பட்ட வருமானத்தை நம்பினால், பிடிக்காத குழுவிலும் பிடிக்காத பாட்டிலும் கையேந்தி நிற்க நேரும். மாதச் சம்பளம் இருக்கிறவருக்கே ஒரு நிகழ்ச்சியை மறுக்கும் துணிவு வரும். நான் கொழும்பில் அரச திணைக்களம் ஒன்றில் இருந்துகொண்டு வார இறுதிகளில் வாசித்தேன், நல்ல குழுவைத் தேர்ந்துகொள்ள அந்த வேலைதான் எனக்கு இடம் தந்தது.

ஆனால் வேறு வேலை இருக்கிறது என்பதற்காகக் குறைந்த பங்குக்குச் சம்மதிக்காதீர்கள். அப்படிச் சம்மதித்தால், இதையே நம்பி வாழும் இன்னொரு பேஸ்காரரின் வயிற்றில் அடிக்கிறீர்கள். ஹோட்டல் தரும் தொகை எவ்வளவு, சவுண்டுக்கும் வாகனத்துக்கும் கழிவது எவ்வளவு, மீதி எப்படிப் பிரிகிறது என்பதைத் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள். முடியும் நேரம், சாப்பாடு, போக்குவரத்து, நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பவற்றை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து குவியும் நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கு முன்னரே இதைப் பேசிவிடுங்கள், அப்போதுதான் அவருக்கும் நீங்கள் தேவைப்படுவீர்கள்.

அன்புடன்.