ஊட்டி உறைபனி: பாலித்தீன் போர்த்தியும் ஜெரேனியம் கருகியது ஏன்?

உறைபனிக்குப் பாலித்தீன் ஷீட் போர்த்தியும் ஜெரேனியம் பூச்செடி கருகிவிட்டது, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடுங்காதீர்கள், அவசரமே இல்லை. ஷீட்டில் ஒட்டிய இலைகள்தான் கறுத்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காரணமும் அதுதான். மெல்லிய பாலித்தீன் வெளிக் குளிரை அப்படியே இலைக்குக் கடத்திவிடும். நாலு குச்சி நட்டு, அதன்மேல் பழைய போர்வையோ சாக்கோ போடுங்கள். இலையில் படக்கூடாது, ஓரம் தரையைத் தொடவேண்டும். செடியைக் காப்பது பகலில் மண் வாங்கிவைத்த சூடு. அதனால் வெயில் இறங்குமுன்பே மூடிவிடுங்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து மூடினால் பாதிச் சூடு போயிருக்கும். மதியமே மண்ணை நனைத்து வைத்தால் இன்னும் நல்லது, ஈரமண் சூட்டை அதிகம் பிடிக்கும். காலையில் பனி உருகியதும் எடுத்துவிடுங்கள்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மிலார் என்ற செடிகளை வைத்துப் பூச்செடிகளை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்குத் தாகை என்ற செடியை மேலே போடுவார்கள். காசு கொடுத்து வாங்கும் ஷீட்டைவிட இப்படிச் செடிகளால் மூடுவதே மேல் என்பேன்.

கருகிய கிளையை இப்போது வெட்டவேண்டாம். வெட்டினால் இளந்தளிர் விடும், அடுத்த பனியில் அதுவும் போகும். பிப்ரவரி கழியட்டும். அப்புறம் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அதுவரை யூரியாவும் வேண்டாம்.

உருளைக்கிழங்குச் செடி மேலே கறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு தப்பித்திருக்கும், மண் அணைத்துவிடுங்கள்.

வீடு பள்ளத்தில் என்கிறீர்கள். குளிர்காற்று அங்கேதான் இறங்கித் தேங்கும். தொட்டிகளைச் சுவரோரம் மாற்றுங்கள். வானம் தெளிந்து காற்றில்லாத இரவுகளில்தான் ஆபத்து. மேகம் மூடியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை.