மருத்துவர் இல்லாத நேரத்தில் பாலிஷிங் செய்யலாமா?

வணக்கம் சகோதரி. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்துவிட்டு, கலிஃபோர்னியாவில் உரிமம் பெறாத பல் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கும் உங்களை, வெள்ளிக்கிழமை பிற்பகலில் மருத்துவர் கிளம்பிய பிறகு எக்ஸ்ரே எடுக்கவும் பாலிஷிங் (பற்களின் மேற்பரப்பை மெருகேற்றுதல்) செய்யவும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள்.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பொதுக் கண்காணிப்பில் அடங்கும். மருத்துவரின் அறிவுறுத்தலும், மாநிலப் பல் மருத்துவ வாரியம் ஏற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சியை நீங்கள் முடித்த சான்றிதழும் இருந்தால், அவர் கட்டடத்தில் இல்லாவிட்டாலும் எடுக்கலாம். பாலிஷிங் அப்படியன்று. பதிவுபெற்ற உதவியாளர், அதாவது மாநில உரிமம் உள்ள உதவியாளர், அதற்கென உள்ள தனிப் பயிற்சியை முடித்த பிறகு மட்டும் செய்யக்கூடிய வேலை அது. ஆகவே மருத்துவர் உங்கள் பக்கத்திலேயே நின்றாலும் உங்களுக்கு அனுமதி கிடையாது. பற்காரையை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த படிவைச் சுரண்டி எடுப்பதோ மருத்துவருக்கும் பதிவுபெற்ற ஹைஜீனிஸ்டுக்கும் (பல் சுகாதார வல்லுநர்) மட்டுமே உரியது. வெறும் பாலிஷிங்கை முழுமையான பல் சுத்திகரிப்பாகக் கணக்குக் காட்டவும் இடமில்லை.

ஊரில் வேர் சிகிச்சையே செய்து பழகிய கைக்கு இது அபத்தமாகப் படும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாநில உரிமம் கைக்கு வரும் வரை பி.டி.எஸ். கணக்கில் வராது.

உதவியாளர்களிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகளின் பட்டியலைச் சிகிச்சையகத்தின் பொதுவான இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது விதி. அதைப் படமெடுத்துக்கொண்டு, மேலாளரிடம் போகாமல் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். உரிமமில்லாதவர் செய்யும் சிகிச்சைக்குத் துணைபோனால் அவருடைய உரிமத்தின் மீதே வாரியம் நடவடிக்கை எடுக்கலாம்.