நவம்பர் போனது, பென்ஷன் நின்றது

கேள்வி: அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து, திருச்சிப் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்தின் போஸ்ட் மாஸ்டராக 2014-இல் ஓய்வு பெற்றேன். வயது 71. கணவர் காலமான பிறகு மகனோடு நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டேன். கிரீன் கார்டும் கிடைத்துவிட்டது. திருச்சி வங்கிக் கணக்கில் மாதம் 34,000 ரூபாய் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றைச் சென்ற நவம்பரில் கொடுக்கத் தவறிவிட்டேன். டிசம்பரிலிருந்து பணம் வரவில்லை. ரீசார்ஜ் செய்யாததால் இந்திய சிம் கார்டும் போய்விட்டது. தங்கை மகன், "கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள் பெரியம்மா, நீங்கள் ஊரில் இருப்பதாகவே சான்று வாங்கிவிடுகிறேன்" என்கிறான். என் மகனோ, "அந்தப் பணம் வந்துதானா நமக்கு ஆக வேண்டும்? விட்டுவிடுங்கள் அம்மா" என்கிறான். முதல் தேதியில் பென்ஷன் வாங்க வரும் எத்தனையோ பாட்டிகளுக்கு நானே நோட்டு எண்ணிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு விட மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள அம்மா,

விடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வர வேண்டும் என்று தோன்றுகிறது.

உங்கள் மகன் அன்பாகத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாயை உட்கார வைத்துச் சோறு போட முடியும் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி கொலுசு வாங்க மகன் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதும், சொந்தக் கணக்கிலிருந்து எடுத்து வாங்குவதும் ஒன்றாகுமா? 36 ஆண்டுகள் முத்திரை குத்தியும் மணியார்டர் எழுதியும் சேர்த்த உரிமை அது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை இல்லை, செய்த வேலைக்கு உரிய உரிமை. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும், 85-இல் அது 30 ஆகும், 100 வயதில் அடிப்படை ஓய்வூதியம் இரட்டிப்பாகும். உங்களுக்கு முன்னால் இன்னும் நிறைய முதல் தேதிகள் இருக்கின்றன.

அடுத்து, பயப்படாதீர்கள். உங்கள் பென்ஷன் ரத்தாகவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சான்று போய்ச் சேர்ந்ததும் டிசம்பரிலிருந்து வர வேண்டிய நிலுவை முழுவதும் சேர்ந்து வரும்.

தங்கை மகன் சொல்லும் வழிக்கு மட்டும் போகவே போகாதீர்கள். அவர் உதவத்தான் நினைக்கிறார். ஆனால் நியூ ஜெர்சியில் இருப்பவரைத் திருச்சியில் பார்த்ததாக ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சான்று. நீங்கள் எப்போது நாட்டைவிட்டுப் போனீர்கள் என்று உங்கள் பாஸ்போர்ட்டே சொல்லிவிடும். மாட்டினால் எழுதிக் கொடுத்தவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். இத்தனை ஆண்டுகள் ஒரு ரூபாய் கணக்குப் பிசகாமல் கல்லாவை ஒப்படைத்தவர் நீங்கள். உங்கள் சொந்தப் பணத்தை வாங்கப் பொய் எதற்கு? வெளிநாட்டில் இருப்பவருக்குச் சட்டமே நேர்வழி வைத்திருக்கிறது.

நீங்கள் இருக்கும் நாட்டில் ஒரு நோட்டரி, மாஜிஸ்திரேட், வங்கி அதிகாரி, இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோரில் யாராவது ஒருவர் முன் நேரில் போய் நின்று, அவர் கையெழுத்தோடு உயிர்வாழ் சான்றை அனுப்பினால் போதும். திருச்சிக் கிளைக்கு நேரில் வர வேண்டியதில்லை. நியூ ஜெர்சி, நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. அவ்வளவு தூரம் போக முடியாது என்றால், மகன் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் நோட்டரி இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள், அங்கே பல கிளைகளில் இருப்பார்கள். படிவத்தை உங்கள் இந்திய வங்கியின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். அந்த அதிகாரியின் கண் முன்னால்தான் போட வேண்டும். கை நடுங்கினால் அவசரப்படாமல், வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்துக்கு ஒத்திருக்கும்படி போடுங்கள். பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணையின் எண்), கணக்கு எண், பாஸ்போர்ட் நகல் மூன்றும் அதோடு போக வேண்டும். முதலில் ஸ்கேன் செய்து வங்கிக் கிளைக்கும் அந்த வங்கியின் ஓய்வூதிய மையத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள், பிறகு அசலைக் கூரியரில் அனுப்புங்கள். பதிவுத் தபாலுக்கு ரசீது வாங்காமல் நகராத ஆட்களை நீங்களே எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! அவர்களைப் போலவே இருங்கள், கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மொபைலில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதியும் இருக்கிறது. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று 2014 நவம்பரில் வந்தது. அப்போது விரல் ரேகைக் கருவி வேண்டியிருந்தது. 2021-இலிருந்து மொபைல் கேமராவே போதும். ஆதார் இருந்தால் வரும் நவம்பர்களில் முயன்று பாருங்கள். ஆனால் இந்த முறை, பணம் ஏற்கெனவே நின்றிருக்கும்போது, தாள் வழியே போவதுதான் நல்லது என்பேன்.

அந்த சிம் கார்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், இந்தச் சிக்கலின் வேரே அதுதான். ஓ.டி.பி. வராவிட்டால் வங்கிக்குள்ளும் நுழைய முடியாது, வரிக் கணக்குக்குள்ளும் நுழைய முடியாது. பல மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நிறுவனம் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் வங்கிக் குறுஞ்செய்தி முகம் தெரியாத யாருடைய கைக்கோ போகும். ஆகவே வங்கிக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே பழைய எண்ணை நீக்கச் சொல்லுங்கள். வெளிநாடு வாழ் இந்தியர் கணக்குகளுக்குப் பல வங்கிகள் அமெரிக்க எண்ணையே ஏற்கின்றன.

அதே கடிதத்தில் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் தங்கள் இந்திய வருமானத்தைப் பெறும் கணக்காக, மாற்றவும் எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டில் நிலையாகத் தங்கிவிட்டவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது என்பது அன்னியச் செலாவணி விதி. பென்ஷன் என்.ஆர்.ஓ. கணக்கில் தாராளமாக வரலாம். வரி போக மீதியை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொள்ளவும் தடை இல்லை, பட்டயக் கணக்காளர் சான்று கேட்பார்கள்.

இந்திய வரியில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "12 லட்சம் வரை வரியே கிடையாது" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தள்ளுபடியால் கிடைக்கும் சலுகை. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே. உங்களைப் போன்றவருக்கு, 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி, 4 லட்சம்தான் எல்லை. நல்ல வேளையாக உங்கள் கணக்கு அதற்குள் அடங்கும். ஆண்டுக்கு 4,08,000 ரூபாய் பென்ஷன், அதில் வரி கணக்கிடும் முன் கழித்துக்கொள்ளும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போனால் 3,33,000. வைப்புத்தொகை வட்டி 50,000 வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 3,83,000தான், வரி இல்லை. ஆனால் என்.ஆர்.ஓ. வட்டியில் வங்கி 31.2 விழுக்காடு, அதாவது 15,600 ரூபாயை முன்கூட்டியே பிடித்துவிடும். வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை.

அமெரிக்கப் பக்கம் இரண்டே விஷயம். கிரீன் கார்டு இருப்பதால் இந்தப் பென்ஷனையும் வட்டியையும் அங்கே வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தனியாக ஓர் அறிக்கையும் கொடுக்க வேண்டும். கணக்கில் மகன் பெயரும் சேர்ந்திருந்தால் அவருக்கும் இது பொருந்தும். இதை மறந்தால் விழும் அபராதம் கடுமையானது. மகனுக்கு வரிக் கணக்கு பார்ப்பவரிடமே உங்களுடையதையும் கொடுத்துவிடுங்கள்.

மாநில அரசு ஓய்வூதியர் யாராவது இதைப் படித்தால், உயிரோடு இருப்பதைக் காட்டும் உங்கள் ஆண்டு நேர்காணல் முறை வேறு. உங்கள் கருவூலத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

அம்மா, சான்று போய் ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால், மத்திய அரசின் ஓய்வூதியர் நலத்துறை நடத்தும் சிபென்கிராம்ஸ் தளத்தில் வீட்டிலிருந்தபடியே புகார் பதியலாம். அங்கே வங்கி பதில் சொல்லியாக வேண்டும். பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்துவிட்டு, நீங்கள் நோட்டு எண்ணி முடிக்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பாட்டிகளுக்கு நீங்கள் இருந்தீர்கள். இப்போது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். திங்கள்கிழமை காலையிலேயே மகனைக் கூட்டிக்கொண்டு நோட்டரியிடம் போய்விட்டு வாருங்கள். நிலுவை வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.