மொய்னா செத்த இடத்தில் ஃபைட்டர் குஞ்சு பிழைக்குமா?

கேள்வி: ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா சாகுபடி செய்கிறேன். ஆசைக்காக ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். குடிலின் ஒரு மூலையில்தான் தொட்டிகள் இருக்கின்றன. கார்த்திகையில் பிளாகாட் என்ற குட்டைத் துடுப்பு வகையில் ஒரு ஜோடி வாங்கி இரண்டு தடவை முட்டை வைக்க விட்டேன். முதல் தடவை ஆணே முட்டைகளைத் தின்றுவிட்டது. இரண்டாவது தடவை நூறு குஞ்சுக்கு மேல் பொரித்தது, ஆனால் ஆறு நாளுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துத்தான் கொடுத்தேன். தீனிக்காகப் பக்கத்து டப்பில் விட்ட மொய்னா என்ற பொடி நீர்த்தெள்ளும் இரண்டே நாளில் மொத்தமாகச் செத்துப்போனது. பெரிய மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன காரணம்? பெண் மீனின் துடுப்பும் கிழிந்திருக்கிறது. இதைச் சிறு வருமானமாக்க முடியுமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மொய்னா சங்கதியில்தான் பாதி விடை இருக்கிறது. குஞ்சுகளுக்குத் தீனி சரியில்லை என்பது உண்மை. அது மட்டும்தான் குறை என்றால் மொய்னா ஏன் சாக வேண்டும்? பாசியால் பச்சை நிறமான தண்ணீரில் விட்ட மொய்னா இரண்டு நாளில் பெருகத் தொடங்கியிருக்க வேண்டும். ஒட்டுமொத்தமாகச் செத்தது என்றால் முதலில் நான் சந்தேகப்படுவது உங்கள் ஸ்பிரேயரைத்தான்.

ரோஜாவுக்குச் செஞ்சிலந்தி, இலைப்பேன் என்று மருந்து அடிக்காமல் இருக்க முடியாது. செஞ்சிலந்திக்குப் பலரும் அடிக்கும் அபாமெக்டினும், சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளும் நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. மொய்னா, டாஃப்னியா எல்லாம் பூச்சிகளைப் போலவே கணுக்காலி இனம். மீனைக் கொல்ல வேண்டிய அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே அவை போய்விடும். அடுத்து விழுவது குஞ்சு. வளர்ந்த ஃபைட்டர் தாக்குப்பிடித்து நிற்பதால் தண்ணீரில் கோளாறு இல்லை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. மூடிய குடிலுக்குள் புகைபோலப் பரவும் மருந்துத் துளி நேராகத் தொட்டியில் இறங்கும். பாலித்தீன் கூரையில் படிந்தது விடியற்காலையில் நீர்த்துளியோடு சேர்ந்து சொட்டும். மருந்து கலக்கிய வாளியில் தண்ணீர் மொள்வது, மருந்து பட்ட கையைத் தொட்டியில் விடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உறுதி செய்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுங்கள். ஒன்றில் குஞ்சு செத்த தொட்டியின் தண்ணீர், மற்றதில் வீட்டில் இரண்டு நாள் பிடித்து வைத்த தண்ணீர். இரண்டிலும் பத்துப் பத்து மொய்னாவை விட்டு, குடிலுக்கு வெளியே நிழலில் ஒரு நாள் வையுங்கள். தொட்டித் தண்ணீரில் மட்டும் செத்தால் வழக்கு முடிந்தது. இரண்டிலும் உயிரோடு இருந்தால் மருந்தை விட்டுவிட்டு வேறு காரணம் தேடலாம். எப்படி ஆனாலும் தொட்டிகளைக் குடிலை விட்டு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம். பழைய தண்ணீர், ஸ்பாஞ்ச், பாதாம் இலை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, கண்ணாடித் தொட்டியை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் டப்பைக் குஞ்சுக்கும் மொய்னாவுக்கும் இனிப் பயன்படுத்தாதீர்கள், புதிது வாங்குங்கள்.

குடில் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும். ஆழமில்லாத, அசைவில்லாத, வெதுவெதுப்பான தண்ணீர். 1910இல் இதற்கு பெட்டா ஸ்பிளெண்டன்ஸ் என்ற அறிவியல் பெயர் வைத்தார்கள். 2019இல் தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அந்த ஊர் மீனுக்கு இரவு பகல் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் ஆகாது. உங்கள் குடிலில் மதியம் 35 டிகிரியைத் தொடும், மார்கழி இரவில் ஓசூர்க் குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்கும். பெரிய மீனே சுருண்டு கிடக்கும் அந்தக் குளிரில் முட்டையும் குஞ்சும் என்னாகும்? வீட்டுக்குள் ஓர் அறையில், தெர்மோஸ்டாட் உள்ள சின்ன ஹீட்டர் போட்டு 27, 28 டிகிரியில் நிறுத்துங்கள். தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மாகோல் அட்டை ஒட்டினால் கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது.

இனி தீனி. மஞ்சள் கரு கொடுக்கச் சொல்லி உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள், ஊரெல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபைட்டர் குஞ்சு அசைவதைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். மஞ்சள் கரு அசையாமல் அடியில் போய்ப் படியும், சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும், தண்ணீரில் அம்மோனியா ஏறும். குஞ்சு பட்டினியும் கிடக்கும், கெட்ட தண்ணீரிலும் கிடக்கும்.

கணக்கைப் பாருங்கள். 27 டிகிரியில் முட்டை ஒன்று, ஒன்றரை நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு, ஆண் மீன் கட்டிய நுரைக்கூட்டின் அடியில் வால் கீழே தொங்க இரண்டு மூன்று நாள் இருக்கும். அதுவரை வயிற்றிலுள்ள கருவே அதற்குச் சாப்பாடு. அது தீர்ந்து, கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும் அன்றிலிருந்து தீனி வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். உங்கள் குஞ்சுகள் ஆறு நாளுக்குள் போனது இந்தக் கணக்கோடும் அச்சாகப் பொருந்துகிறது. மருந்து ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம்.

ஆகவே அடுத்த முறை ஜோடியை விடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தீனி வேலையைத் தொடங்குங்கள். ஃபைட்டர் வளர்ப்பில் முட்டை வைக்க விடுவது பெரிய வித்தை இல்லை, அது மீனே பார்த்துக்கொள்ளும். முதல் பத்து நாள் தீனிதான் நம் வேலை. பெரிய பாட்டில் ஒன்றில் பழைய மீன்தொட்டித் தண்ணீரை எடுத்து, முட்டைக்கோஸ் இலைத் துண்டோ கொஞ்சம் வைக்கோலோ போட்டு, வாயைத் துணியால் கட்டி வெளிச்சமான இடத்தில் வையுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கத்தான் துணி. முதலில் பால்போல் கலங்கி நாறும். நாலைந்து நாளில் நாற்றம் குறைந்து தண்ணீர் தெளியும்போது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தூசு தூசாக அசைவது தெரியும். அதுதான் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று பாட்டில் போட்டு வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது கை கொடுக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, சிறிது சிறிதாகத் தொட்டியில் விடுங்கள்.

நீந்தத் தொடங்கிய நாலைந்து நாளில் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலின் குஞ்சுக்கு மாறலாம். லிட்டருக்கு 25, 30 கிராம் கல்லுப்பு கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, ஏர் பம்ப்பில் காற்று நன்றாக ஓடவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் 28 டிகிரியில் வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிக்கும். குளிரில் வைத்தால் பொரிக்கவே மாட்டேன் என்கும், இதையும் ஹீட்டர் இருக்கும் அறையிலேயே வையுங்கள். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, முட்டை ஓடுகளை நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். குஞ்சின் வயிறு இளஞ்சிவப்பாக உப்பியிருந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் வாரத்தில் மொய்னா. டியூபிஃபெக்ஸ் புழு மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் சாக்கடையில் எடுத்து வருவார்கள், கூடவே நோயும் வரும்.

ஆண் முட்டையைத் தின்றதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இளம் ஆண், புது இடம், அடிக்கடி எட்டிப் பார்க்கும் நாம், இதில் எது இருந்தாலும் தின்னும். கருக்கூடாமல் வெள்ளைப் பூஞ்சை பிடித்த முட்டைகளையும் அது தின்றுவிடும், அது நல்லதுதான். தொட்டியில் தண்ணீர் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் போதும், அடியில் மணல் வேண்டாம். விழுகிற முட்டையைத் தகப்பன் வாயால் பொறுக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோக அப்போதுதான் வசதி. பாதியாக வெட்டிய தெர்மாகோல் கப்பை மேலே மிதக்க விட்டால் அதனடியில் நுரைக்கூடு கட்டும். மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

பெண்ணை உடனே அவிழ்த்துவிட்டதால்தான் துடுப்பு கிழிந்திருக்கும். முதலில் கண்ணாடிக் குவளையில் வைத்து ஆணின் தொட்டிக்குள்ளேயே ஒரு நாள் காட்டுங்கள். ஆண் கூடு கட்டி, பெண்ணின் உடலில் செங்குத்தான வரிகள் தோன்றி, வயிறு உப்பி, வயிற்றடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் விடலாம். ஒதுங்க நாலு செடி வேண்டும். முட்டை வைத்து முடித்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்டைக் காக்கும் ஆண் அடித்தே கொன்றுவிடும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுக்க வேண்டும். கிழிந்த துடுப்பு, சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு பாதாம் இலையும் இருந்தால் தானே வளரும்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஃபைட்டர் செவுளால் மட்டுமல்ல, தலையிலுள்ள லேபிரிந்த் என்ற உறுப்பால் நேராகக் காற்றையும் சுவாசிக்கும். குஞ்சுக்கு இந்த உறுப்பு மூன்றாம் வாரத்துக்கு மேல்தான் உருவாகி வரும். அந்தச் சமயத்தில் தண்ணீர் 28 டிகிரியிலும் மேலே உள்ள காற்று சில்லென்றும் இருந்தால் குஞ்சுகள் மறுபடி கொத்தாகச் சாகும். தொட்டியைக் கண்ணாடியாலோ பாலித்தீனாலோ மூடி, ஓரத்தில் சிறு இடைவெளி மட்டும் விடுங்கள். சமவெளியில் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டாலும் தப்பித்துவிடுவார்கள், ஓசூரில் முடியாது.

வருமானம் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தடவையில் 150 குஞ்சு தேறினால் ஏறக்குறைய பாதி ஆண். ஏழு எட்டு வாரத்தில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும், ஒவ்வொன்றையும் தனிப் பாட்டிலில் பிரிக்க வேண்டும். எழுபது எண்பது பாட்டிலுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் விற்பனை. ரோஜா பறிப்பு, மருந்தடிப்புக்கு நடுவில் இதற்கு ஆள் யார்? சென்னை கொளத்தூரில் வண்ணமீன் உற்பத்தியைக் குடும்பமாகச் செய்கிறார்கள். சாதாரண நிற மீனில் அவர்கள் விலையோடு நீங்கள் போட்டி போட முடியாது. நிறமும் உருவமும் தெளிவாக வரும் நல்ல பிளாகாட் வம்சம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, குறைவாக, தரமாகச் செய்தால் ஓசூர், பெங்களூர் கடைகளில் எடுப்பார்கள். முதல் வருடம் செலவு திரும்பினாலே போதும் என்று இறங்குங்கள்.

பெருக்கும் எண்ணம் வந்தால் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கென்று 3 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மிஞ்சுகிற மீன்களை ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளிலேயே ஃபைட்டருக்கு உறவான சின்ன மீன் ஒன்று இருக்கிறது. அதுவும் நுரைக்கூடு கட்டும், மேலே வந்து காற்றை விழுங்கும். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்ததை வைத்து 1831இல் அதற்குக் குபானஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். வெளியூர் மீனை விட்டு அதற்குப் போட்டியையும் நோயையும் கொண்டுபோக வேண்டாம். விற்க முடியாததை வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு ஆணை ஒன்றாக விட்டு வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள், 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

தம்ளர் சோதனையின் முடிவையும், கடைசியாக எந்த மருந்தை எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். தொட்டியை இடம் மாற்றிய பிறகும் மொய்னா செத்தால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.