மருத்துவிச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: எனக்கு இது முதற்பிள்ளை, 33ஆவது கிழமை. மாமி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று வருகிற எல்லோரும் தங்கள் பிள்ளைப்பேற்றுக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். ஒன்றும் நல்ல கதையாக இல்லை. இரவில் நித்திரை வருவதில்லை. பேசாமல் சிசேரியன் செய்யச் சொல்லிக் கேட்கட்டா?
ஒரு வாசகி, சண்டிலிப்பாய்

பதில்: தங்கச்சி, அடுத்தமுறை யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் நோ கூடும், கூடினால் இன்னும் பயம் வரும். ஒருமுறை கட்டில் கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்து, கால்விரல் எல்லாம் மடங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த பிள்ளை ஒருத்தியிடம் "சுடுதேத்தண்ணியை ஊதுகிற மாதிரி ஊதும் பிள்ளை" என்றேன். நாலைந்து நோக்குத்துக்குள் அவளுடைய தோள் இறங்கிவிட்டது. நோ போகவில்லை, அப்படிப் போகவும் மாட்டாது, ஆனால் அதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டாள். மூக்கால் இழுத்து வாயால் நீளமாக விடுவதைப் படுக்கப் போகும்போது இப்போதிருந்தே பழகுங்கள்.

இன்னொன்று, நோ விடாமல் அடிப்பதில்லை. ஒரு நிமிடமளவில் வந்து போகும், இடையில் இளைப்பாறலாம். தொடக்க நோ முதற்பிள்ளைக்கு மணிக்கணக்காக, சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். அந்த நேரம் வீட்டில் நடவுங்கள், குளியுங்கள், இரண்டு இடியப்பம் சாப்பிடுங்கள். 5 நிமிடத்துக்கொருக்கால் ஒழுங்காக வரத் தொடங்கினால், அல்லது பன்னீர்க்குடம் உடைந்தால், உடனே வெளிக்கிட வேண்டும். கருப்பை வாய் 5 சென்ரிமீற்றர் திறந்த பிறகுதான் வேகம் பிடிக்கும், அதிலிருந்து பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்குள் முழுதாகத் திறந்துவிடும். மல்லாந்து கிடக்காமல் நடந்தும் நின்றும் இருந்தால் அந்த நேரமும் குறையும்.

மருந்து கேட்க வெட்கப்பட வேண்டாம். பெதடின் ஊசி நோவை மழுக்கும், சத்தி வரலாம். பிறக்கிற நேரத்துக்குக் கிட்டப் போட்டால் பிள்ளையின் மூச்சு மந்தமாகலாம், அதனால் கேட்பதை நேரத்தோடு கேளுங்கள். சில இடங்களில் என்ரொனொக்ஸ் வாயு இருக்கும், பாதி ஒட்சிசன், பாதி நைதரசொட்சைட்டு. அது வேலை செய்ய அரை நிமிடமாவது எடுக்கும், ஆகவே குத்துத் தொடங்குகிறது என்று தெரிந்த உடனேயே இழுக்க வேண்டும், உச்சிக்குப் போன பிறகு இழுத்துப் பயனில்லை. முதுகில் போடுகிற எபிடூரல் ஊசிதான் நோவை நன்றாக அடக்கும், ஆனால் அதற்கு மயக்க மருந்து வைத்தியர் வேண்டும், எங்கும் கிடைக்காது. உங்கள் ஆஸ்பத்திரியில் எது இருக்கிறது, துணைக்கு அம்மாவை விடுவார்களா என்று கிளினிக்கில் இப்போதே கேட்டு வையுங்கள்.

சிசேரியனிலும் நோ உண்டு, தையலோடு எழும்பிப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது தெரியும். தேவை என்று வைத்தியர் சொன்னால் மறுக்காதீர்கள். கதை கேட்ட பயத்துக்காக மட்டும் வேண்டாம்.

கேள்வி: எட்டாம் மாதம். நாரி நோ தாங்கேலாமல் இருக்கிறது. இவருடைய டைக்குளோபினாக் குளிசை வீட்டில் கிடக்கிறது, போடலாமா?
கோப்பாய்

பதில்: தொடவே வேண்டாம். டைக்குளோபினாக், ஐபுப்ரோபென் போன்றவை 20 கிழமைக்குப் பிறகு வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பனடோல் சொன்ன அளவில் போடலாம். சரிந்து படுத்து முழங்கால்களுக்கு இடையில் தலையணை வையுங்கள், பாரம் தூக்காதீர்கள். ஆனால் அந்த நோ விட்டுவிட்டு ஒழுங்காக வந்தால், அதுவும் 37 கிழமைக்கு முதல், அதை நாரி நோ என்று நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. கடும் தலையிடி, கண் மங்கல், இரத்தம், பிள்ளையின் துடிப்புக் குறைவது, எதுவென்றாலும் விடியும் மட்டும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: விளக்கெண்ணெய் குடித்தால் நோ கெதியாக வரும் என்று ஆச்சி சொல்கிறா.
மானிப்பாய்

பதில்: வயிற்றால் போகும், அது நிச்சயம். மற்றது நிச்சயமில்லை. ஆச்சியைச் சரக்கு இடித்து வைக்கச் சொல்லுங்கள், பிள்ளை பிறந்த பிறகு பத்தியக் கறிக்கு உதவும்.

கேள்வி: நெடுந்தீவில் இருக்கிறோம். எப்போது வெளிக்கிட வேண்டும்?

பதில்: நோவைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஒரு மணித்தியாலம் வேண்டும், அப்புறம் பட்டினம் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு ரெலிபோன் அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்தான், ஆனால் கடலில் ஓடாது. திகதிக்கு இரண்டு கிழமை முந்தியே இங்கால் சொந்தக்காரர் வீட்டில் வந்து நில்லுங்கள், கிளினிக் அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள்.