சுவரைத் தொட்டதும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. ஆறு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். தண்ணீர் பயம் போனால் போதும் என்பதுதான் அப்போதைய எண்ணம். அவளோ முதல் மாதமே தண்ணீரை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு குளத்தின் அடிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். மேலே வந்ததும், "எவ்வளவு நேரம் இருந்தேன், எண்ணுனியாப்பா?" என்று கேட்பாள்.

எட்டு வயதில் அவளுடைய பயிற்சியாளர், "இவளிடம் திறமை இருக்கிறது, போட்டிப் பிரிவுக்கு மாற்றிவிடலாம்" என்றார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, அதில் மூன்று நாள் காலையும் மாலையும். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்குப் 14 மணி நேரம் வருகிறது. அவளுக்கு வேறு விளையாட்டு எதுவும் கிடையாது, அதற்கு நேரமும் இல்லை.

ஆறு மாதமாகப் போட்டி நாள் காலையில் வயிற்று வலி என்கிறாள். மருத்துவரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் போன வருடம் மளமளவென்று குறைந்த அவள் நேரம், எட்டு மாதமாக அதே இடத்தில் நிற்கிறது. போன மாதம் அடுத்த கட்டப் போட்டிக்கான தகுதி நேரத்தை 0.3 விநாடியில் தவறவிட்டாள். மற்ற பிள்ளைகள் சுவரைத் தொட்டதும் கடிகாரப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். இவள் பார்வையாளர் வரிசையில் என்னைத் தேடினாள். என் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. என் முகம் வாடியிருக்கத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது காரில், "பரவாயில்லைம்மா, கடைசிப் பத்து மீட்டரில் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா கிடைச்சிருக்கும்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டாள், அல்லது தூங்குவதுபோல் இருந்தாள்.

இனி சொல்வதை என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. சென்ற வாரப் போட்டியன்று குளக்கரையில் பையைத் திறந்தவள், "அப்பா, நீச்சல் கண்ணாடியோட பட்டை அறுந்துடுச்சு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். ரப்பர் தானாக அறுந்தால் முனை இழுபட்டுப் பிசிறாக, வெளிறிப்போய் இருக்கும். இது ஒரே நேர்கோடாக இருந்தது, கத்தரிக்கோலால் வெட்டினதுபோல. நான் எதுவும் கேட்கவில்லை. யாரோ உதிரிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு நீந்தினாள். வழக்கத்தைவிட மெதுவாகவே நீந்தினாள். அந்தப் பட்டை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மனைவி உடனே நிறுத்திவிடலாம் என்கிறாள். பயிற்சியாளரோ, இந்த வயதில் இப்படித் தேங்குவது சகஜம், இப்போது விட்டால் நான்கு வருட உழைப்பும் வீண் என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. பாதியில் விட்டால் எதையும் பாதியில் விடுவதே அவளுக்குப் பழக்கமாகிவிடாதா? தொடர்ந்தால் அவளை நானே உடைத்துவிடுவேனோ? இத்தனைக்கும் சில நாள் மாலையில் தோழிகளோடு சிரித்துக்கொண்டேதான் குளத்திலிருந்து வருகிறாள். போட்டி விளையாட்டு பிள்ளைகளுக்கு நல்லதா, கெட்டதா? நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தந்தை

*

அன்புள்ள தந்தைக்கு,

அந்தப் பட்டையை நீங்கள் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்கள். பார்த்ததும் திட்டவும் இல்லை. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ள எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் ஏன் அதை வெட்டினாள்? சோம்பேறித்தனத்தில் வெட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. நீந்தவே பிடிக்காத குழந்தை "நான் வரலை" என்று அழுது புரண்டு வீட்டிலேயே இருந்துவிடும். இவள் வந்தாள், பையைத் திறந்தாள், உதிரிக் கண்ணாடி கிடைத்ததும் நீந்தவும் செய்தாள். ஆனால் இந்த முறை நேரம் குறையாவிட்டால் அதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது: கண்ணாடி சரியில்லை. 1978-ல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இந்த நடத்தையை விவரித்து எழுதினார்கள். தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறவர், தோல்விக்கான காரணத்தைத் தானே முன்கூட்டி உண்டாக்கி வைத்துக்கொள்வார். அப்போது தோற்றாலும் 'எனக்குத் திறமை இல்லை' என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. பரீட்சைக்கு முந்தின இரவு வேண்டுமென்றே படிக்காமல் இருக்கும் பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் மகள் பத்து வயதில் ஒரு கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, உங்கள் முகம் வாடாமலும் காப்பாற்ற, அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

இப்போது காரில் நீங்கள் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா." பெரியவர் காதுக்கு இது ஊக்கம். பத்து வயதுக் காதில் வேறு மாதிரி விழும். ஜான் நிக்கோல்ஸ் என்ற உளவியலாளர் 1970-களிலேயே இதை ஆராய்ந்தார். சிறு பிள்ளைகளுக்கு முயற்சியும் திறமையும் ஒன்றுதான். நிறைய முயற்சி செய்தவர்தான் கெட்டிக்காரர், அவ்வளவுதான் கணக்கு. சுமார் 11, 12 வயது வரும்போதுதான் 'ஒரே அளவு முயற்சி செய்தாலும் ஒருவர் முந்தலாம், ஒருவர் பிந்தலாம்' என்பது முழுசாகப் பிடிபடும். உங்கள் மகள் அந்த வாசற்படியில் நிற்கிறாள். எட்டு மாதமாகத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தும் நேரம் அசையவில்லை. அந்த நிலையில் அப்பா 'முயற்சி போதாது' என்கிறார். அவளுக்குத் தெரியும், முயற்சி செய்தோம் என்று. அப்படியானால் ஒன்று அப்பா தன்னை நம்பவில்லை, இல்லை தன்னிடம் திறமை இல்லை. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் ஜன்னல் பக்கம்தான் திரும்பத் தோன்றும்.

நேரம் ஏன் நிற்கிறது என்பதற்கு உடலிலேயே காரணம் இருக்கலாம். பெண் குழந்தைகள் இந்த வயதை ஒட்டித்தான் வளர்ச்சிப் பாய்ச்சலுக்குள் நுழைகிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நுழைவதில்லை. பிறந்த தேதிப்படி ஒரே வயதான இரு பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியில் இரண்டு ஆண்டுகூட வித்தியாசம் இருக்கும். பக்கத்துத் தடத்தில் முந்திப்போகிற பெண்ணுக்குக் கையும் காலும் முன்னதாக நீண்டிருக்கலாம். அதில் உங்கள் மகளின் குறை எதுவும் இல்லை. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985-ல் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைக் கணக்கெடுத்தார். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் இருந்தார்கள். வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லையாக இருந்ததால் அவர்கள் சில மாதம் மூத்தவர்கள், சற்றே பெரியவர்கள். அதைத் திறமை என்று நினைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பத்து வயதின் 0.3 விநாடியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இது ஒரு காரணம்.

சரி, நல்லதா கெட்டதா என்ற உங்கள் கேள்வி. போட்டி விளையாட்டை நான் வெறுப்பவள் இல்லை. 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழுவாக, ஒழுங்காகச் சொல்லித்தரும் விளையாட்டு அதற்கு நல்ல வழி. தூக்கம் நன்றாக வரும், எலும்பு உறுதியாகும். தோழியின் வெற்றிக்குக் கைதட்டப் பழகுவதும், தோற்ற மறுநாள் மறுபடி குளத்தில் இறங்குவதும் வேறு எங்கே இவ்வளவு இயல்பாக வாய்க்கும்? உங்கள் மகள் சிரித்துக்கொண்டு வருகிற மாலைகள் பொய்யில்லை. அவற்றை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டது சரி.

ஆனால் பிள்ளைகள் எதற்காக விளையாடுகிறார்கள் என்பதில் நாம் பெரியவர்கள் தொடர்ந்து தவறாகக் கணிக்கிறோம். 2014-ல் அமண்டா வைசெக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கால்பந்து ஆடும் பிள்ளைகளை வைத்து, விளையாட்டை மகிழ்ச்சியாக்குவது எது என்று ஆராய்ந்தார்கள். 81 காரணங்கள் பட்டியலாயின. வெற்றி பெறுவது அதில் 48-வது இடத்தில் வந்தது. முழு மூச்சாக முயல்வது, பயிற்சியாளர் மரியாதையாக நடத்துவது போன்றவை முன்வரிசையில் இருந்தன. உங்கள் மகளுக்கும் குளத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததுதான் முதல் மகிழ்ச்சி. அங்கே நீங்கள் எண்ணினீர்கள், அவள் இன்னும் அதிக நேரம் இருக்கப் பார்த்தாள். அதுவும் நேரத்தோடு ஆடிய ஆட்டம்தான். அவள் இஷ்டத்துக்கு ஆரம்பித்து, அவள் இஷ்டத்துக்கு நிறுத்திய ஆட்டம்.

வாரம் 14 மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். அது அதிகம். வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரு வாரப் பயிற்சி போகக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பலர் பின்பற்றும் எளிய அளவுகோல். அவள் வயதுக்குப் பத்து மணி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல் இதைப் பற்றி விரிவாக எழுதியது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, வருடத்தில் ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்து மூன்று மாதமாவது முக்கிய விளையாட்டிலிருந்து விடுப்பு, ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதைப் பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது, இவைதான் அதன் பரிந்துரை. ஒரே அசைவைத் தினமும் ஆயிரக்கணக்கில் செய்தால் வளரும் தோள் தேயும். அது தனிக் கதை, மருத்துவர் சொல்ல வேண்டியது. எனக்கு முக்கியம், வேறு எதிலும் தன்னைப் பார்க்க இடமில்லாத பிள்ளைக்கு ஒரு விளையாட்டில் தேங்கினால் தானே தேங்கியதாகத் தோன்றும் என்பது.

இப்போது விட்டால் நான்கு வருடம் வீண் என்கிறாரே பயிற்சியாளர், அதற்கு நார்வேயைச் சொல்வேன். அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987 முதல் குழந்தைகள் விளையாட்டுக்கென்று விதிகள் வைத்திருக்கிறது, 2007-ல் அதைக் குழந்தைகளின் உரிமைகளாகவே அறிவித்தது. பதினோரு வயதாகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக்கூடாது. அப்படி வளரும் பிள்ளைகள் பின்னால் தோற்றுப் போகிறார்களா? 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தச் சிறிய நாடு 39 பதக்கங்களோடு முதலிடத்தில் வந்தது. விதியால்தான் பதக்கம் வந்தது என்று நான் சொல்லவில்லை. பத்து வயதில் அழுத்தம் குறைந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் போதாது என்கிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குளத்தில் யாராவது அவளைப் பயமுறுத்துகிறார்களா, உடம்பையோ எடையையோ பற்றிப் பேசுகிறார்களா, தொடுவது பிடிக்காமல் இருக்கிறதா? போட்டி நாள் வலிக்குப் பெரும்பாலும் பதற்றமே காரணமாக இருக்கும். இருந்தாலும் இதைக் கேட்காமல் விடக்கூடாது. விசாரணைபோல வேண்டாம். இருவரும் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது, அவள் அம்மாவும் நீங்களும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் பட்டை. அதை மறைத்து வைத்துக்கொண்டே இருந்தால் வீட்டில் ஒரு ரகசியம் வளரும், முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். பிறகு மகளிடம், "பட்டையை வெட்டினது எனக்குத் தெரியும். கோபம் இல்லை. நீந்தறது உனக்கு எவ்வளவு பாரமா ஆயிருந்தா அப்படிச் செய்திருப்பேன்னு யோசிச்சேன். காரில் நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள். அவள் உடனே பதில் சொல்லமாட்டாள், இரண்டு நாள் கழித்து விளக்கை அணைத்தபின் சொன்னாலும் சொல்வாள்.

மூன்றாவது, ஸ்டாப்வாட்ச். வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குளக்கரையில் கடிகாரம் இருக்கிறது, நேரம் பார்க்கப் பயிற்சியாளரும் இருக்கிறார். அவள் உங்கள் முகத்தைத் தேடும்போது, விநாடி என்னவென்று உங்களுக்கே தெரியாத முகமாக அது இருக்கட்டும். வரும் வழியில் நீச்சலைப் பற்றி அவளாகப் பேசினால் மட்டும் பேசுங்கள்.

பயிற்சியாளரிடம் மனைவியோடு போய்ப் பேசுங்கள். காலைப் பயிற்சிகளைக் குறைக்க வேண்டும், மூன்று மாதத்துக்குப் போட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு அவர் நடந்துகொள்ளும் விதமே உங்களுக்குப் பல விஷயங்களைச் சொல்லிவிடும். பயிற்சியாளரின் அணுகுமுறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று மட்டும்: அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மால் என்ற இருவர், தவறு செய்யும் பிள்ளையை ஊக்கப்படுத்தித் திருத்துவது எப்படி என்று பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குச் சிறு பயிலரங்கு நடத்தினார்கள். அடுத்த பருவத்தில் அவர்களிடமிருந்து விலகிய பிள்ளைகள் 5 சதவீதம். பயிலரங்கு இல்லாத பயிற்சியாளர்களிடமிருந்து விலகியவர்கள் 26 சதவீதம்.

அந்த மூன்று மாதம் முடிந்ததும் முடிவை அவளிடம் கொடுங்கள். போட்டிக்குத் திரும்பலாம், வெறுமனே நீந்தலாம், வேறு விளையாட்டுக்குப் போகலாம், எதுவும் வேண்டாம் என்றும் சொல்லலாம். பாதியில் விடும் பழக்கம் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்து, வாயால் சொல்லி, விடைபெற்றுக்கொண்டு வெளியே வருவதும் அவள் கற்க வேண்டியதுதான். கத்தரிக்கோலுக்குப் பதில் அந்த வழி அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

வயிற்று வலி பயிற்சி நாட்களுக்கும் பள்ளி நாட்களுக்கும் பரவினால், தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், என் கடிதத்தோடு நிற்காமல் குழந்தை உளவியலாளர் ஒருவரிடம் நேரில் அழைத்துப் போங்கள்.

கண்ணாடிக்குப் புதுப் பட்டை இப்போது வாங்கி வைக்க வேண்டாம். அவள் கேட்கும் அன்று, அவளையே கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்